தொண்ணூற்று நான்கு படிகளுக்கு மேலே ஒரு நலவாழ்வு மையம்

தமிழகத்தின் மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அறிவிக்கப்பட்ட 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் 500 மையங்கள் 2023 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டன. நீலகிரியில், எங்கள் நகரின் சரிவுக் குடியிருப்புக்கென இயங்கும் அத்தகைய மையம் ஒன்றுக்கு ஓராண்டாக என் தாயாரை அழைத்துச் சென்றுவருகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது மாலை நேரத்தை. காலை 8 முதல் 12 வரையிலும் மாலை 4 முதல் 8 வரையிலும் மையம் இயங்குகிறது. விடியுமுன் கேரட் அறுவடைக்கு லாரி ஏறுகிறவர்களும், தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கும் விடுதிகளிலும் பகலெல்லாம் வேலை செய்கிறவர்களும் நெருக்கியடித்து வாழும் பகுதியில், பெரிய ஆஸ்பத்திரியின் காலை ஓ.பி. வரிசையில் நிற்பதென்றால் அன்றைய கூலியை இழப்பதென்று பொருள். இங்கே அந்த இழப்பு இல்லை. செவிலியரும் கனிவானவர், குளிரில் விறைத்த விரலில் இரத்தம் வராது என்பதால், அம்மாவின் கையைத் தம் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே சர்க்கரைப் பரிசோதனைக்கு ஊசி குத்தினார்.

குறை, இடத்தில் இருக்கிறது. சாலையிலிருந்து 94 படிகள், எண்ணிப் பார்த்தேன். இம்மையங்களுக்கு ஒன்றிய அரசு வழியாக வரும் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தின் கணக்குப்படி 15,000 முதல் 20,000 பேருக்கு ஒரு மையம். சமவெளிக்குப் பொருந்தும் அந்தத் தலைக்கணக்குக்கு மலையின் ஏற்ற இறக்கம் தெரியாது. வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கட்டடத்துக்கு, மூட்டுவலிக்காரர் மூன்று இடங்களில் உட்கார்ந்து எழுந்துதான் போய்ச் சேருகிறார். இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறது என்பது உண்மையே. காய்ச்சலுக்கும் ஆறாத புண்ணுக்கும் படியேறித்தான் ஆக வேண்டும்.

மருத்துவர், செவிலியர், சுகாதார ஆய்வாளர், உதவியாளர் என்று நால்வரே பணியிடம் என்பதால், மருத்துவர் முகாமுக்குப் போன நாளில் பழைய சீட்டுக்கு மாத்திரை மட்டும் கிடைக்கும்.

வாரத்தில் இரண்டு மாலைகளாவது மருத்துவர் கீழ்ச்சாலைக்கு இறங்கிவந்து நோயாளிகளைப் பார்க்கலாம்; அங்கன்வாடிக் கட்டடம் அந்நேரத்தில் பூட்டித்தான் கிடக்கிறது. வார்டு மக்கள் தங்கள் குறைகளைச் சொல்லும் அடுத்த பகுதி சபாக் கூட்டத்தில் இதையே கேட்கப்போகிறேன். அதுவரை, 6 மணிக்குமேல் செல்பவர்கள் டார்ச் எடுத்துச் செல்லுங்கள்: படிகளின் நடுவே விளக்கு எரிவதில்லை, காட்டுமாடுகளும் அந்த வழியாகவே இறங்குகின்றன.