அணி போய்விட்டது, கடன் இருக்கிறது: நான்கு ஊர்க் கணக்கு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் பெரியப்பா மீன் வியாபாரி. படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுப்பார். வாங்கியவர் தாம் பிடிக்கும் இறாலையும் நண்டையும் அவரிடமே போடவேண்டும்; வேறு வியாபாரியிடம் போவதானால் முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போகலாம். அட்டை கிழிந்த நீள நோட்டில் படகு எண், தொகை, தேதி, கீழே கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ இருக்கும். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

அமெரிக்க நகரங்கள் விளையாட்டு அணிகளுக்குக் கொடுக்கும் முன்பணம், மைதானம். அணி கிளம்பும்போது மைதானம் கூடவே போவதில்லை. அதைக் கட்ட வாங்கிய கடனும் போவதில்லை.

செயின்ட் லூயிஸ் கதை பெரியது. பொதுப்பணத்தில் அரங்கம் கட்டி, 1995இல் லாஸ் ஏஞ்சலிஸின் அமெரிக்கக் கால்பந்து அணியான ராம்ஸை வரவழைத்தார்கள். ஆண்டுக்கு மாநிலம் 1.2 கோடி டாலர், நகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்றது) தலா 60 லட்சம் டாலர் கட்டவேண்டியிருந்தது. இத்தனையும் கொடுத்துவிட்டுக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனைக்கும் சம்மதித்தார்கள்: குறித்த ஆண்டுகளில் இந்த அரங்கம் நாட்டின் முதல் கால்பங்கு அரங்கங்களுள் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லையென்றால் நீண்ட குத்தகை அணியைக் கட்டுப்படுத்தாது. கட்டடம் பழையதாகும் என்பது தெரியாதா? அந்த நிபந்தனையே கதவைத் திறந்துவிட்டது. 2016இல் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கே திரும்பியது. கடன் தவணை மட்டும் தொடர்ந்தது.

ஊர் வழக்குப் போட்டது. அணிகளின் இடமாற்றத்துக்கு லீக் (போட்டிகளை நடத்தும் அமைப்பு) வகுத்த விதிகளை லீக்கே மீறியது என்பதுதான் வாதம். 2021இல் 79 கோடி டாலருக்குச் சமரசமானது. கேட்க அசத்தலாக இருக்கிறது. வழக்கறிஞர்களின் பங்கு மட்டும் 35 விழுக்காடு என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இந்த வெற்றியை வேறு ஊர் நம்பிக் கடன் வாங்கக்கூடாது.

சியாட்டில் அவ்வளவு காத்திருக்கவில்லை. கூடைப்பந்து அணியான சூப்பர்சானிக்ஸுக்குக் குத்தகை 2010 வரை இருந்தது. 2008இல் வழக்கு விசாரணை முடிந்து, தீர்ப்பு வரச் சில மணி நேரமே இருந்தபோது நகரம் 4.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. ரசிகர்கள் இன்றும் திட்டுகிறார்கள். ஆனால் மிச்சமிருந்தது இரண்டே ஆண்டுகள். போக முடிவெடுத்த படகைக் கயிற்றில் கட்டிவைத்தால் மீன் வராது. எனக்கு இது விவேகமாகவே படுகிறது.

நான்கில் மோசமானது ஓக்லாந்து. ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை 1995இல் திரும்பக் கூட்டிவர, இருந்த மைதானத்தையே கடன் வாங்கி விரிவாக்கினார்கள். இருக்கை உரிமங்களை, அதாவது குறிப்பிட்ட இருக்கைக்கு டிக்கெட் வாங்கும் உரிமையை, விற்றுக் கடனை அடைப்பதாகத் திட்டம். உரிமங்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. சுமை வரி கட்டுவோர் தலையில் விழுந்தது. 2020இல் அணி லாஸ் வேகாஸ் போனபோதும் பாக்கி இருந்தது. இதைச் சொன்னதும் பெரியப்பா சிரித்தார்: “கடலில் நீந்துகிற மீனை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.”

நம் பக்கத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் அணியான காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. காரைக்குடியில் யாருக்கும் தவணை பாக்கியில்லை. அந்த அணிக்கென்று அங்கே மைதானமே கட்டவில்லை.

என் ஓட்டு சான் டியாகோவுக்கு. அங்கேயும் பழைய விரிவாக்கக் கடன் உண்டு. ஆனால் புதிய அரங்கத்துக்காக ஓட்டல் வரியை உயர்த்தலாமா என்று 2016 நவம்பரில் மக்களையே கேட்டார்கள். மக்கள் மறுத்தார்கள். அடுத்த ஜனவரியில் அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான சார்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போவதாக அறிவித்தது. ரசிகர்கள் அணி அலுவலக வாசலில் சீருடைகளைக் குவித்துவிட்டுப் போனார்கள். பழைய அரங்க நிலத்தை 2020இல் நகரம் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விற்றது. பல்கலைக்கழகம் கட்டிய அரங்கம் 2022இல் அங்கே திறந்தது.