ஹேவ்லாக்கில் ஸ்கூபா போகிறவர்களுக்கு: பத்துக் கேள்விக்கும் ‘இல்லை’ போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

ஜனவரியில் தனியாக அந்தமான் போனேன். போகும்போது சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேர விமானம். திரும்பும்போது மூன்று நாள் கப்பல். ஆசைப்பட்டு ஏறிய கப்பல் இல்லை. காது அடைத்துக்கொண்டதால் இப்போதைக்கு விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை.

போர்ட் பிளேரில் நான் தங்கிய லாட்ஜின் வரவேற்பறையிலேயே ஒரு ஏஜென்ட் உட்கார்ந்திருப்பார். ஹேவ்லாக்குக்குப் படகு டிக்கெட்டோடு, சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன் என்றார். (2018இல் அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஜெட்டியில் யாரைக் கேட்டாலும் ஹேவ்லாக்தான்.) படகில் கூட்டிப்போய் நல்ல ஆழமான இடத்தில் இறக்குவார்கள், தண்ணீருக்கடியில் 45 நிமிடம், 12 மீட்டர் வரை, இன்ஸ்ட்ரக்டர் கூடவே வருவார், வீடியோ இலவசம். எல்லாம் சேர்த்து 5,500 ரூபாய். அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே செய்தேன். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வரும் என்றார். வந்த மெசேஜில் என் பெயர், தேதி, ஒரு கட்டைவிரல் பொம்மை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஹேவ்லாக் போன படகில் ஏசியை முழு வேகத்தில் வைத்திருந்தார்கள். இறங்கும்போதே தொண்டை கரகரத்தது. மறுநாள் காலை மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. லாட்ஜ்காரரிடம் கேட்டு ஒரு சளி மாத்திரை போட்டுக்கொண்டு டைவ் சென்டருக்குப் போனேன். அதில் பாதித் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

அங்கே மேஜையில் ஒரு தாளை நீட்டினார்கள். ஸ்கூபா போகிறவர்கள் எல்லோரும் நிரப்ப வேண்டிய உடல்நலப் படிவம். நுரையீரல், இதயம், காது, மூக்கு, சைனஸ், அறுவை சிகிச்சை என்று பத்துக் கேள்விகள். சிலவற்றுக்கு ‘ஆம்’ என்று போட்டால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. உடம்பு சரியில்லாத நாளில் டைவ் செய்ய வேண்டாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்துவிட்டு, கவுண்டரில் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: “எல்லாத்துக்கும் நோ போடுங்க மேடம்.” எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன். “குச் நஹி ஹோகா.” ஒன்றும் ஆகாதாம். சரி, தினமும் நூறு பேரைப் பார்க்கிறவர், தெரியாமலா சொல்வார் என்று நினைத்துப் பத்து ‘நோ’ போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

சிலிண்டர்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி தமிழ் பேசினான். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவனாம், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். நான் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், “சளியாக்கா? இன்னைக்கு வேணாம்க்கா, நாளைக்கு மாத்திக்குங்க” என்றான். கவுண்டரில் போய்க் கேட்டேன். நாளைக்கு இடமில்லை, இன்றைக்குப் போகாவிட்டால் பணம் திரும்ப வராது என்றார்கள். 5,500 ரூபாய் போய்விடுமே என்று இறங்கினேன். இவ்வளவு வியாபாரமும் இந்த ஒரு நினைப்பின் மேல்தான் ஓடுகிறது.

படகு வரவில்லை. கரையிலிருந்து நடந்தே இறங்கும் நீமோ ரீஃப் என்கிற பவளத்திட்டுக்குத்தான் கூட்டிப்போனார்கள். அந்த இடத்தில் குறையொன்றும் இல்லை. கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்களை நானும் பார்த்தேன், ஒரு நிமிடம். ஆனால் நான் காசு கொடுத்தது படகுக்கு. இடுப்பளவு தண்ணீரில் பத்து நிமிடப் பயிற்சி. காதைப் பற்றிச் சொன்னது ஒரே வரி: மூக்கைப் பிடித்து ஊதுங்கள்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அதனால் ஆழத்துக்குப் போனால்தான் காது வலிக்கும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. மேலே ஒரு லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டரிலேயே அரை லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. அது மறுபடி பாதியாகக் குறைய 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆகவே முதல் சில மீட்டரில்தான் காதுக்குப் பாடு அதிகம். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் மெதுவாக ஊதிச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும். சளி இருந்தால் மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் வீங்கி அடைத்திருக்கும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது. மாத்திரையால் திறந்தாலும், கீழே இருக்கும்போது அதன் வேகம் குறைந்துவிட்டால் மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் ஊருக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

மூன்று மீட்டர் இருக்கும். இடது காதில் கம்பியை விட்டுத் திருகியது போல வலி. கையை விரித்து ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டினேன். ‘ஏதோ சரியில்லை’ என்பதற்கு அதுதான் சைகை. என் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்திருந்தவர் கொஞ்சம் மேலே தூக்கினார், மறுபடி இறக்கினார். இப்படி மூன்று முறை. புதியவர்களை இப்படிப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள், ஏறுவது இறங்குவது எதுவும் நம் கையில் இல்லை. மூன்றாவது முறை காதுக்குள் ஏதோ நொறுங்கியது போலச் சத்தம், தலை கிறுகிறுவென்று சுற்றியது. நான் பலமாகக் கையை உதறிய பிறகுதான் மேலே கொண்டுவந்தார். முகமூடியைக் கழற்றினால் உள்ளே மூக்கிலிருந்து வந்த ரத்தம். கடிகாரத்தைப் பார்த்தேன், 14 நிமிடம். மீதி 31 நிமிடம் எங்கே என்று கேட்டதற்கு, உடை மாட்டுவதிலிருந்தே கணக்கு என்றார்கள்.

என்னை இறக்கியவர் இன்ஸ்ட்ரக்டரே இல்லை, அதற்குக் கீழ்ப்படியான டைவ்மாஸ்டர் பயிற்சியில் இருப்பவர் என்று அந்தத் தம்பிதான் பிறகு சொன்னான். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதே எனக்குத் தெரியாது. அங்கே பல சென்டர்கள் பயிற்சி தருவது ‘பாடி’ என்கிற அமைப்பின் பெயரில் (நம் காதுக்குச் சிரிப்பாக இருந்தாலும் பெயர் அதுதான்). அவர்கள் விதிப்படி, சான்றிதழ் இல்லாத புதியவரைக் கடலுக்குள் கூட்டிப்போவது இன்ஸ்ட்ரக்டரின் வேலை, அதிகபட்சம் 12 மீட்டர். இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அதை அவர்களுடைய இணையதளத்தில் போட்டால் இன்றைய தேதிக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி உள்ளவரா என்று காட்டிவிடும். பணம் கட்டுவதற்கு முன் எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் அங்கே வேண்டாம்.

தீவின் அரசு மருத்துவமனையில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறை கிழியவில்லை, ஆனால் அதற்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கிறது, அடைப்பு விடும் வரை விமானமும் வேண்டாம், தலைக்குக் குளிக்கும்போதும் கவனம் என்றார். விமான டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்காத வகை. அது போயிற்று.

பணத்தைக் கேட்டேன். சென்டர் ஏஜென்டைக் கேள் என்றது, ஏஜென்ட் சென்டரைக் கேள் என்றார். இரண்டு நாள் இப்படிப் பந்தாடிவிட்டு, கடைசியில் சென்டர்காரர் ஃபைலிலிருந்து என் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மூக்கு, சைனஸ் வரிக்கு நேரே என் கையால் போட்ட ‘நோ’. “நீங்கதானே மேடம் எழுதிக் கொடுத்தீங்க?” நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். சொந்த நம்பருக்கு அனுப்பிய ஜிபேயையும் கட்டைவிரல் பொம்மையையும் வைத்துக்கொண்டு எந்தக் கடை மேல் புகார் கொடுப்பது? ‘இலவச’ வீடியோவுக்கு 1,500 கேட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். வாங்கவில்லை.

ஹேவ்லாக்கில் எல்லோரும் இப்படி இல்லை. மறுநாள் காலை அதே கரையில் வேறொரு பள்ளியில், இருமிக்கொண்டு வந்த ஒரு தம்பதியை உட்காரவைத்துப் பேசி, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று தேதி மாற்றி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். காசு கூட என்று நான் ஒதுக்கிய பள்ளி அது. எவ்வளவு கூட? ஆயிரம் ரூபாய்.

சென்னையில் காது மூக்கு தொண்டை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “டைவ் போறதுக்கு முன்னாடி மெடிக்கல் ஃபாரம் ஏதும் கொடுத்தாங்களா? காப்பி வெச்சிருக்கீங்களா?” இல்லை. கையில் போன் இருந்தது, கோமாளி மீன் பொம்மை போட்ட அவர்களுடைய போர்டைக்கூடப் படம் எடுத்தேன். அந்தத் தாளை எடுக்கத் தோன்றவில்லை. அவர்கள் ஃபைலில் அது பத்திரமாக இருக்கும்.