டர்ஹாமா, லிங்கனா, சால்ஸ்பரியா: சக்கர நாற்காலியோடு போக எந்தப் பேராலய நகரம் ஏற்றது?

இங்கிலாந்தின் பழைய பேராலய நகரங்களுள் ஒன்றைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது, உடன் வருபவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியிலோ கைத்தடியின் துணையோடோ நடமாடுபவர் என்றால், எந்தப் பேராலயம் அழகானது என்று கேட்பதற்கு முன், ரயில் நிலையத்துக்கும் பேராலய வாசலுக்கும் இடையே நிலம் எப்படி அமைந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். டர்ஹாம், லிங்கன், சால்ஸ்பரி ஆகிய மூன்றும் லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடியவை என்றாலும், இந்தக் கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

ரயிலில் ஏறி இறங்கும்வரை மூன்றுக்கும் ஏற்பாடு ஒன்றே. உதவி தேவைப்படும் பயணிகளுக்கான 'பாசஞ்சர் அசிஸ்ட்' ரயில் சேவையில் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பதிவு செய்தால், ஊழியர் சாய்தளப் பலகையோடு வந்து ஏற்றிவிடுவார், இறங்கும் நிலையத்திலும் ஆள் வருவார். வேறுபாடெல்லாம் நிலையத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது.

கட்டடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் என் வாக்கு டர்ஹாமுக்கே. 1093 முதல் 1133 வரை எழுந்த இந்தப் பேராலயத்தின் விலா வளைவுக் கல்கூரை, அதாவது விலா எலும்பு போன்ற கல் வளைவுகள் தாங்கும் கூரை, ஐரோப்பியக் கட்டடக் கலையின் திருப்புமுனைகளுள் ஒன்று. அருகிலுள்ள கோட்டையோடு சேர்த்து 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பேராலயம் நிற்பது வியர் என்னும் ஆறு வளைத்து ஓடும் ஒரு குன்றின் மேல். ரயில் நிலையம் இருப்பதோ எதிர்ப்புறத்து மேட்டில். ஆகவே ஒரு சரிவில் இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடியும் ஏற வேண்டும். முடிவில் பேராலயத்துக்கு முன்னால் வரும் பேலஸ் கிரீன் பகுதியிலும் அதற்கு ஏறும் தெருக்களிலும் தரையில் உருண்டைக் கற்கள் பாவியிருக்கின்றன. சாதாரணச் சக்கர நாற்காலியின் முன்புறச் சிறு சக்கரங்கள் அந்தக் கல் இடுக்குகளில் சிக்கித் திரும்பிக்கொள்ளும் என்பதால், நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முன்னே போகுமாறு பின்னோக்கி இழுத்துச் செல்வதே எளிது. தள்ளுபவருக்குச் சிரமம், அமர்ந்திருப்பவருக்கு அதைவிடச் சங்கடம். குன்றின் மேல் போகும் குறுகிய தெருவில் கார் நெரிசலைக் குறைக்க 2002இல் இரண்டு பவுண்டு கட்டணம் விதித்தார்கள். பிரிட்டனில் லண்டனுக்கும் முந்திய நெரிசல் கட்டணம் அது. டர்ஹாமுக்குப் போவதென்றால் நிலையத்திலிருந்து பேலஸ் கிரீன்வரை டாக்சிச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே நல்லது. சக்கர நாற்காலியில் வருபவர் என்பதற்காக ஓட்டுநர் கூடுதல் கட்டணம் கேட்பதைச் சட்டம் தடை செய்கிறது. உயர் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் புனித கத்பர்ட்டின் கல்லறை மேடைக்குப் படியேறித்தான் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அங்கே போய் ஏமாற வேண்டியிருக்காது. ஆனால் டர்ஹாமின் மிகச் சிறந்த காட்சிக்குப் படியே தேவையில்லை: லண்டனிலிருந்து வரும் ரயில் நிலையத்தை நெருங்கும்போது உயரமான வளைவுப் பாலத்தைக் கடக்கும், அப்போது வலப்பக்கச் சன்னலில் பேராலயமும் கோட்டையும் முழுவதுமாகத் தெரியும்.

லிங்கன் இதைவிடக் கறாரான ஊர். நிலையம் அடிவாரத்தில், பேராலயம் உச்சியில்; நடுவே இருக்கும் தெருவின் பெயரே 'ஸ்டீப் ஹில்', அதாவது செங்குத்து மேடு. ஏழடிக்கு ஓரடி ஏறும் அந்தத் தெருவில் நடப்பவர்களுக்கே கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியோடு அந்த வழியை நினைக்கவே வேண்டாம். நிலையத்துக்கு எதிரிலேயே பேருந்து நிலையம் இருப்பதால், மேட்டு நகருக்குப் போகும் பேருந்தையோ டாக்சியையோ பிடித்துவிடலாம். மேலே போய்ச் சேர்ந்த பிறகு லிங்கன் இளகிவிடுகிறது. பேராலயமும் கோட்டையும் எதிரெதிரே இருக்கின்றன, கோட்டையில், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான மாக்னா கார்ட்டாவின் 1215ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று இருக்கிறது, மதில்மேல் நடைபாதைக்குப் போக லிஃப்டும் உண்டு. படிக்கட்டு இல்லாமல் ஒரு கோட்டை மதிலின் மேலிருந்து பேராலயத்தைப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதல்ல.

சால்ஸ்பரியோ, மேட்டை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்த ஊர். முதல் பேராலயம் வடக்கே ஓல்டு சாரம் குன்றின் மேல்தான் இருந்தது. காற்றும் தண்ணீர்ப் பஞ்சமும் கோட்டைப் படையினரோடு ஏற்பட்ட பிணக்கும் சேர்ந்து, 1220இல் ஆற்றோரச் சமவெளியில் புதிதாக அடிக்கல் நாட்ட வைத்தன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் எடுத்த முடிவின் பலனை இன்று சக்கர நாற்காலிக்காரர்கள் அனுபவிக்கிறார்கள்: லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கி, பேருந்தோ டாக்சியோ இல்லாமலேயே, ஏறக்குறையச் சமமான தெருக்கள் வழியாகப் பேராலயத்தைச் சுற்றிய புல்வெளிக்குப் போய்ச் சேரலாம். 123 மீட்டர் உயரக் கோபுரம், பிரிட்டனின் தேவாலயக் கோபுரங்களிலேயே உயரமானது, சுமார் நான்கடி ஆழ அடித்தளத்தின் மேல் நிற்கிறது; நிலத்தடி நீர் வற்றாமல் இருக்கிறதா என்று தரைக்கல் ஒன்றைத் திறந்து குச்சியை விட்டுப் பார்க்கும் வழக்கம் இங்கே உண்டு. 1386ஆம் ஆண்டுக் கடிகாரமும் மாக்னா கார்ட்டாவின் இன்னொரு பிரதியும் மேலே ஏறாமல் பார்க்கக்கூடியவை. கோபுரச் சுற்றுலாவுக்கு மட்டும் 332 படிகள். அதை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆகவே தானே நாற்காலியை உருட்டிச் செல்பவருக்கும், வயதான துணையைத் தள்ளிச் செல்லும் ஒருவருக்கும் நான் சொல்வது சால்ஸ்பரி. டாக்சிச் செலவு பொருட்டில்லை, கட்டடக் கலைதான் முக்கியம் என்பவர் டர்ஹாமுக்குப் போகலாம். லிங்கனுக்குப் போக விரும்பும் குழுவில் சக்கர நாற்காலிகள் இரண்டு இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: உள்ளூர்ப் பேருந்துகளில் சாய்தளமோ லிஃப்டோ கட்டாயம் என்றாலும், சட்டம் கேட்கும் சக்கர நாற்காலி இடம் பேருந்துக்கு ஒன்றுதான், இரண்டாமவர் அடுத்த பேருந்துக்காகக் காத்திருக்க நேரலாம்.