வகுப்பறைக்கு எந்த நாள்காட்டி: தாளா, கனசதுரமா, துணியா?

கடலூர் முதுநகரில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் நான், பிள்ளைகள் தம் கையாலேயே செய்யும் நாள்காட்டியை மூன்று ஆண்டுகளில் மூன்று விதமாகச் செய்வித்துப் பார்த்தபின், பைகள் தைத்த துணி நாள்காட்டியையே வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு தாள்களில் உள்ளங்கை அச்சும் படமுமாகச் செய்யும் நாள்காட்டியின் அழகைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்காற்றின் ஈரம் ஏறி அட்டை சுருண்டுவிடும், ஒட்டியதெல்லாம் உதிரும், டிசம்பர் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு கனசதுரங்களால் தேதி காட்டும் முறை அறிவுக்கு விருந்து. இரண்டிலும் 0, 1, 2 இருக்க வேண்டும். ஒன்றில் 3, 4, 5, மற்றொன்றில் 6, 7, 8 எழுதினால் போதும், 6-ஐத் தலைகீழாக்கினால் 9 கிடைத்துவிடும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் நேரம் மறக்க முடியாதது. எனினும் அது இன்றைய தேதியை மட்டுமே காட்டும். நேற்றும் அடுத்த வெள்ளிக்கிழமையும் அதில் இல்லை. ஒரு பருவம் மட்டுமே பயன்படுத்தியிருப்பதால், அதைப் பற்றிய என் கருத்தை முடிவானதாகக் கொள்ள வேண்டாம்.

துணி நாள்காட்டிக்கு ஒரு மீட்டர் காடாத்துணியும் பழைய வேட்டியும் போதும். வேட்டியிலிருந்து வெட்டிய ஆறு பட்டைகளைத் துணியின் மேல் வைத்து, வரிசைக்கு ஏழு பை வருமாறு தையற்காரரிடம் தைத்து வாங்கிவிட்டு, எண் அட்டைகளைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து பிள்ளைகளையே வெட்டி எழுதச் சொல்லலாம். ஐந்து வரிசை போதுமே என்று தோன்றும். 2026 ஆகஸ்ட் சனிக்கிழமை தொடங்குகிறது. ஞாயிறு முதல் நிரலில் இருந்தால் 31-ஆம் தேதி 37-ஆவது பையில், அதாவது ஆறாம் வரிசையில், போய் உட்காரும்.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்புதான். துணி அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம், கிழிந்த அட்டைக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் வேறொன்று எழுதலாம், அதே துணியை அடுத்த ஆண்டு வகுப்புக்கும் மாட்டலாம். அதைவிட, மாதம் மாறும்போது ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையே இங்கே பாடமாகிவிடுகிறது: ஒவ்வொரு முதல் தேதியும் எல்லா அட்டைகளையும் எடுத்துவிட்டு, சென்ற மாதம் எந்தக் கிழமையில் முடிந்தது என்று பார்த்து, 1 எந்தப் பையில் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவுசெய்கிறார்கள். தாளில் அச்சடித்த கட்டத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரே ஒரு இடத்தில் துணி தோற்றது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை எண்ணச் சொன்னபோது, ஒரு நேரத்தில் ஒரு மாதத்தையே காட்டும் துணி பயன்படவில்லை. பழைய தாள் நாள்காட்டியின் மூன்று தாள்களைத் தரையில் வரிசையாக விரித்துத்தான் 16, 31, 14 என்று கூட்டி 61-ஐ அடைந்தார்கள். அதனால் தாள் நாள்காட்டியை நான் அடியோடு விலக்கவில்லை.

தமிழ் மாதங்களையும் காட்ட நினைப்பவர்கள் 32 என்று எழுதிய அட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை 29 நாளிலிருந்து 32 நாள் வரை அமையும்.