வனேடியம் ஃப்ளோ பேட்டரி: சில வருடம் ஓட்டிப் பார்த்தபின்

"இருபது வருடத்துக்குக் கவலையே இல்லை" என்று சொல்லித்தான் வனேடியம் ஃப்ளோ பேட்டரியை விற்கிறார்கள். இரண்டு டேங்கில் இருக்கும் வனேடியக் கரைசலைப் பம்பு மூலம் செல்களுக்குள் சுற்றவிட்டு மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி இது. அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த இருபது வருடம் டேங்கில் இருக்கும் கரைசலுக்கு, அதாவது எலக்ட்ரோலைட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். பம்பு, செல்லின் இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் மெம்பிரேன், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் எல்லாம் வேறு கணக்கு.

நான் பார்த்துக்கொள்வது திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் உள்ள யூனிட். 5 கிலோவாட் ஸ்டாக் (செல்களின் அடுக்கு), 20 கிலோவாட்-மணி கொள்ளளவு, மொட்டை மாடி சோலாரோடு இணைத்தது. பாசிட்டிவ், நெகட்டிவ் டேங்குகளில் தலா 500 லிட்டர் கந்தக அமிலத்தில் கரைந்த வனேடியம் இருக்கிறது. லிட்டருக்கு 20 வாட்-மணி அளவுதான் தேறும் என்பதால் இடத்தை அடைத்துக்கொள்ளும். இதே 20 கிலோவாட்-மணியை லித்தியத்தில் ஒரு அலமாரிக்குள் முடித்துவிடலாம்.

எங்கள் ஊரில் இதன் ஆயுளைத் தீர்மானிப்பது வெயில்தான். சார்ஜ் ஏறிய பாசிட்டிவ் டேங்கில் இருப்பது ஐந்தாம் நிலை வனேடியம் (அதாவது ஆக்சிஜனேற்ற எண் 5), மஞ்சள் நிறம். 40 டிகிரியைத் தாண்டினால் அது வனேடியம் பென்டாக்சைடாகப் படியத் தொடங்கும். நெகட்டிவ் பக்கத்தில் குளிரில் படிவது சூடேறினால் திரும்பக் கரையும்; இந்தப் படிவு அவ்வளவு சுலபத்தில் கரையாது. நேராக ஸ்டாக்கில் மின்முனையாக இருக்கும் கிராஃபைட் ஃபெல்ட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இதில் சோலார்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. காலையிலிருந்து சார்ஜ் ஏறி, ஐந்தாம் நிலை உச்சத்துக்கு வருவது பிற்பகல் மூன்று மணிக்கு. வெயிலும் அப்போதுதான் உச்சம். சாயங்காலம் டிஸ்சார்ஜ் தொடங்கினால் அதில் வரும் சூடு வேறு சேர்ந்துகொள்ளும். யூனிட்டை நிறுவியவர்களோ டேங்குகளைத் தகரக் கொட்டகைக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் கத்திரி வெயிலிலேயே ஃபில்டரில் செங்கல் நிறத் தூள் பிடித்தது.

அப்புறம் கொட்டகைக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டோம், எலக்ட்ரோலைட் லைனில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சேர்த்தோம். இரண்டையும்விட அதிகம் உதவியது செலவே இல்லாத ஒரு மாற்றம். ஏப்ரல் முதல் ஜூன் வரை சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு ஃபில்டர் சுத்தமாகவே இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்தால் படிவது தள்ளிப்போகும் என்பதும் உண்மைதான். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் குளோரைடும் சல்பேட்டும் கலந்த எலக்ட்ரோலைட் ஒன்றை உருவாக்கி, 50 டிகிரி வரை தாங்கும் என்று 2011-இல் காட்டியது. நம் ஊருக்கு அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் ஓவர்சார்ஜ் ஆனால் குளோரின் வாயு வரும் வாய்ப்பு அதில் உண்டு. மாணவர்கள் நடமாடும் இடத்தில் எனக்கு அது வேண்டாம்.

அடுத்தது கொள்ளளவு குறைவது. பலர் பயப்படுவது இங்கேதான், ஆனால் பெரும்பாலான குறைவு திரும்பக் கிடைக்கும். எந்தக் குறைவு திரும்பும், எது திரும்பாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

மெம்பிரேன் என்னதான் நல்லதாக இருந்தாலும் வனேடியம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் கசியும். எங்களுடையது நாஃபியான் வகை (நேர் அயனிகளைக் கடத்தும் பாலிமர் படலம்). அதில் போகப்போக நெகட்டிவ் டேங்கின் மட்டம் இறங்கி பாசிட்டிவ் ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஒரே தனிமம் என்பதால் நாசம் இல்லை. நாசா 1970-களில் முயன்ற இரும்பு-குரோமியம் ஃப்ளோ பேட்டரியில் இரண்டு உலோகங்கள் ஒன்றோடொன்று கலப்பதே பெரிய தலைவலியாக இருந்தது. 1980-களில் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழு உருவாக்கிய வனேடியம் பேட்டரிக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு டேங்கையும் கலந்து திரும்பப் பாதிப் பாதியாகப் பிரித்தால் சரியாகிவிடும்.

கலப்பதற்கு முன் முழுக்க டிஸ்சார்ஜ் செய்வது கட்டாயம். சார்ஜோடு கலந்தால் அத்தனை ஆற்றலும் டேங்கிலேயே சூடாக வெளிவரும். கலந்தபின் வரும் முதல் சார்ஜுக்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆம்பியர்-மணி பிடிக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், கணக்குப்படி அப்படித்தான் வரும்.

கலந்தும் கொள்ளளவு முழுதாகத் திரும்பவில்லை என்றால் கோளாறு வேறு. நெகட்டிவ் பக்கத்தில் ஹைட்ரஜன் வெளியேறியிருக்கும், அல்லது காற்றுப் புகுந்து ஊதா நிற இரண்டாம் நிலை வனேடியத்தை ஆக்சிஜனேற்றியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆனபின் ஒரு பக்கம் மூன்றாம் நிலை, மறுபக்கம் நான்காம் நிலை என்பதால் மொத்த எலக்ட்ரோலைட்டின் சராசரி ஆக்சிஜனேற்ற எண் 3.5 இருக்க வேண்டும்; அது மேலே போயிருக்கும். எத்தனை முறை கலந்தாலும் அது இறங்காது. எங்கள் வேதியியல் துறையில் டைட்ரேஷன் செய்து சராசரியைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற ஆக்சாலிக் அமிலத்தை, சார்ஜ் ஏறியிருக்கும் பாசிட்டிவ் டேங்கில் சிறிது சிறிதாகப் போடுகிறோம். அந்த அமிலம் ஐந்தாம் நிலை வனேடியத்தை நான்காம் நிலைக்கு இறக்கிவிட்டு, கரியமில வாயுவாக நுரைத்து வெளியேறிவிடும், மிச்சம் எதையும் விட்டுவைக்காது. ஒரேயடியாகக் கொட்டினால் நுரை பொங்கி மூடிக்கு மேலே வரும், ஜாக்கிரதை.

இந்த வேலையே வராமல் இருக்க நெகட்டிவ் டேங்கின் மேல்வெளியில் எப்போதும் நைட்ரஜன் இருக்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்ததை யாரும் கவனிக்காத மாதங்களுக்குப் பிறகுதான் எங்களுக்கு ஆக்சாலிக் அமிலம் தேவைப்பட்டிருக்கிறது. ஒருமுறைகூட இது தவறியதில்லை.

ஸ்டாக்கைப் பொறுத்தவரை ஒரே விதி: செல்லுக்கு 1.65 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் பாசிட்டிவ் பக்க கிராஃபைட் அரிக்க ஆரம்பிக்கும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. புதிய ஃபெல்ட் வாங்கினால் வெப்பப் பதம் செய்ததா என்று கேளுங்கள். 400 டிகிரி காற்றில் 30 மணி நேரம் வைத்தால் ஆற்றல் திறன் 78-லிருந்து 88 சதவீதமாக உயர்ந்ததை ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழுவே 1992-இல் காட்டிவிட்டது. இன்றும் பதம் செய்யாத ஃபெல்ட்டை விற்கிறார்கள்.

பம்பு சாதாரண விஷயம்தான், ஆனால் அதிகம் பழுதாவதும் அதுதான். மேக்னடிக் டிரைவ் பம்பு ஒன்று ஸ்பேராக இருக்கட்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் போட்டு, சார்ஜ் நடு அளவில் இருக்கும்போது மெதுவாகவும் இரண்டு முனைகளுக்கு அருகில் வேகமாகவும் ஓட்டினால் மின்சாரம் மிச்சமாகும். சார்ஜுக்குக் கொடுத்த மின்சாரத்தில், பம்பு, இன்வெர்ட்டர் எல்லாம் போக எங்களுக்குத் திரும்பக் கிடைப்பது 65 முதல் 70 சதவீதம். லித்தியத்தோடு ஒப்பிட்டால் தோல்விதான்.

வீட்டுக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். மாட்டுத்தொழுவம் மாதிரி இதைத் தினமும் யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஹொக்கைடோவில் 15 மெகாவாட், 60 மெகாவாட்-மணி அளவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அங்கே அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். கல்லூரிக்கோ ஆலைக்கோ வாங்குபவர்கள் விலைப்புள்ளி கேட்கும்போது மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டேங்குகளுக்கு இடையே சமன்செய்யும் குழாய் உண்டா? மெம்பிரேன் மட்டும் தனியாகக் கிடைக்குமா? 40 டிகிரி வெயிலில் உத்தரவாதம் செல்லுமா? மூன்றாவதற்கு எங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.