கிளாராவா, பேப்பர்வொயிட்டா? ரொறன்ரோ வாசகர் ஒருவரின் கணக்கு

மின்வாசிப்பான் ஒன்று வாங்குவதென்று கடந்த ஆண்டு முடிவுசெய்தபோது, கோபோ கிளாரா பி.டபிள்யூ, அமேசானின் கிண்டில் பேப்பர்வொயிட் ஆகிய இரண்டுக்குமிடையில்தான் தடுமாறினேன். மைத்துனரின் பேப்பர்வொயிட்டை மூன்று கிழமைகள் இரவல் வாங்கிப் பாவித்துப் பார்த்த பின்னர் கிளாராவையே வாங்கினேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் ஒரு பக்கச் சாய்வு இருக்கவே செய்யும்.

திரையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இரண்டும் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட, காகிதத்தில் அச்சிட்டதுபோலத் தோன்றும் மின்-மைத் திரைகள். இரண்டிலும் இரவில் வெளிச்சத்தை மஞ்சளாக்கிக்கொள்ளலாம். இரண்டும் தண்ணீரைத் தாங்கும். 2024-இல் வந்த பேப்பர்வொயிட்டின் திரை 7 அங்குலம், கிளாராவினுடையது 6 அங்குலம். பக்கம் புரளும் வேகத்திலும் பேப்பர்வொயிட் ஒரு படி மேல் என்றே எனக்குப் பட்டது. கிளாரா என் குளிர்காலக் கோட்டின் பைக்குள் அடங்கிவிடும்.

முடிவைத் தீர்மானித்தது நூலக அட்டைதான். ரொறன்ரோ பொது நூலகம் ஓவர்ட்ரைவ் என்னும் சேவையின் வழியாக மின்னூல்களை இரவல் தருகிறது. கைப்பேசியிலுள்ள லிப்பி செயலியும் அதே சேவையினுடையதுதான். இவ்வாறு இரவல் பெறும் நூல்களைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு என்பதால், கனடிய நூலக அட்டையை வைத்திருப்பவர் எத்தனை டொலர் கொடுத்துக் கிண்டில் வாங்கினாலும் அந்த நூல்களை அதில் வாசிக்க முடியாது. கோபோவில் நிலைமை வேறு. ரொறன்ரோவில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தை வாங்கிய ஜப்பானின் ரகுடென், 2015-இல் ஓவர்ட்ரைவையும் வாங்கியது. 2020-இல் அதைக் கைமாற்றிவிட்ட போதிலும், கருவிக்குள் அந்த இணைப்பு அப்படியே இருக்கிறது. அமைப்புகளில் அட்டை எண்ணையும் கடவு எண்ணையும் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும்; பிறகு ஒரு நூலைத் தேடி, விலைப் பொத்தானுக்கு அருகிலுள்ள புள்ளிகளைத் தொட்டால், உடனே இரவல் பெறலாம் அல்லது வரிசையில் பெயரைப் பதியலாம். தவணை முடிந்தால் நூல் தானாகவே திரும்பிவிடுவதால் தண்டப்பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. புதிய ஆங்கில நாவலின் மின்னூல் பெரும்பாலும் 15 டொலரை ஒட்டியே விற்கிறது. மாதம் இரண்டு நூல்கள் இரவல் பெற்றாலே கருவிக்குக் கொடுத்த காசு ஓராண்டுக்குள் திரும்பிவிடும். பலரும் தேடும் நூல்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதையும் மறைக்கக் கூடாது.

கிளாராவைக் கழற்றிப் பழுதுபார்ப்பதற்கான வழிகாட்டிகளை, கருவிகளைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்துடன் சேர்ந்து கோபோ தருகிறது. ஆனால் எட்டு மாதப் பாவனையை வைத்து பற்றரியின் ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

தமிழ் நூல்களை மட்டுமே வாசிப்பவருக்கு என் பரிந்துரை கிண்டில்தான். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியதிலிருந்து, தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றின் நூல்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிவைக்கும் வழியை 2025 பெப்ரவரியில் அமேசான் நிறுத்திவிட்டது என்பது மட்டும் உறுத்துகிறது. கிளாராவில் என் தமிழ் வாசிப்பு தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தை நம்பியே நடக்கிறது. அங்கே 6 அங்குலத் திரைக்கென்றே பக்கம் வெட்டிய பிடிஎஃப் கோப்புகள் கிடைக்கின்றன. எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே இருப்பதால் கொம்பும் காலும் இடம்மாறுமோ என்ற கவலை இல்லை. எழுத்தளவைக் கூட்ட முடியாது என்பதே குறை. அம்மாவுக்கு இது ஒத்துவரவில்லை. மைத்துனரின் பேப்பர்வொயிட் இப்போது அம்மாவின் கட்டிலருகில்தான் இருக்கிறது.