எரியுதுல்ல, அப்புறம் என்ன? லோக்கல் ஹெட்லைட்டோடு 19 மாதம்

வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல். வீடு மதுரைக்குப் பக்கத்தில் செக்கானூரணி, வேலை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில். வாரம் மாற்றி வாரம் செகண்ட் ஷிஃப்ட் என்பதால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் திருமங்கலத்திலிருந்து வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புவேன். அந்த ரோட்டில் பாதி தூரம் தெருவிளக்கு கிடையாது, ரெண்டு பக்கமும் கருவேலம், எந்த நேரத்தில் எது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. ஹெட்லைட் பற்றி இவ்வளவு நீளமாக ஒருத்தன் எழுதுவானா என்று கேட்பவர்கள் ஒரு வாரம் அந்த ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம்.

2022 ஆகஸ்டில் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. ஆடு எழுந்து ஓடிவிட்டது, வலது பக்க ஹெட்லைட் மட்டும் போய்விட்டது. இடது பக்கமும் ஒன்பது வருசப் பழசு, லேசாக மஞ்சளடித்திருந்தது. ஒன்று புதுசு ஒன்று பழசு என்று போட்டால் மாறுகண் மாதிரி இருக்கும், ஜோடியாகவே மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். கம்பெனி ஜெனுயின் அன்றைக்கு ஒன்று 3,400 சொன்னார்கள், ஜோடி 6,800. மதுரைக்குள் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் லோக்கல் ஜோடியே 3,200. பெட்டி பளபளவென்று இருந்தது, மேலே ஓஇ குவாலிட்டி, அதாவது கம்பெனி வண்டியிலேயே வருகிற தரம், என்று பெரிசாகப் போட்டிருந்தது.

"கம்பெனிக்குச் செஞ்சு குடுக்குறவனேதான் தம்பி இதையும் செய்றான். பேரு மட்டும் இல்ல, அம்புட்டுத்தான். ஒரு வருசம் வாரண்டி. எதாச்சும்னா நேரா எங்கிட்ட வாங்க."

கடைக்காரர் சொன்னதை நானும் நம்பினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் என்று எழுதி, கடை சீலைக் குத்திக் கொடுத்தார். இந்தச் சீட்டின் கதை பின்னாடி வருகிறது.

மாட்டும்போதே சகுனம் சரியில்லை. இந்த வண்டியில் ஹெட்லைட் மாற்ற முன் பம்பரையே கழற்ற வேண்டும், அதற்குக் கூலி 700. பழைய விளக்கு நின்ற இடத்தில் புதுசை வைத்தால் மூன்று ஸ்க்ரூ ஓட்டையில் ரெண்டுதான் சேர்கிறது, மூன்றாவது அரை விரல்கடை தள்ளி நிற்கிறது. மெக்கானிக் உருட்டு அரத்தை எடுத்து ஓட்டையை நீள்வட்டமாக இழுத்து எப்படியோ உட்கார வைத்தார். பானெட்டை மூடினால் விளக்குக்கும் தகரத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற சந்து. "லோக்கல்னா இப்படித்தாண்ணே இருக்கும்" என்றார். ஸ்டியரிங் பக்கத்தில் திருகினால் விளக்கு மேலும் கீழும் நகருமே, அந்த லெவலிங் மோட்டாருக்கு இந்த விளக்கில் இடமே இல்லை. வயரை டேக் போட்டுக் கட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

முதல் ரெண்டு மாதம் குறையே சொல்ல முடியாது. வண்டிக்குக் கண் ஆபரேசன் செய்த மாதிரி பளிச்சென்று இருந்தது, ஆபீசில் ரெண்டு பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்டு, நானும் கடையைக் கை காட்டிவிட்டேன். இன்றைக்கும் அதில் ஒருத்தர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அக்டோபரில் மழை பிடித்தது. காலையில் பார்த்தால் வலது விளக்குக்குள் ஆவி. இதில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், கம்பெனி விளக்கிலும் மழை நாளில் லேசாக மூட்டம் போடும், ஏனென்றால் பல்பு சூட்டில் உள்ளே காற்று விரிவதற்கும் சுருங்குவதற்கும் மூச்சு விடுகிற வழி ஒன்று வைத்துத்தான் செய்கிறார்கள். லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் அது தன்னால் கலைந்துவிடும். என் விளக்கில் கலையவில்லை. நவம்பரில் ஓரமாக ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீரே தேங்கி, பிரேக் அடித்தால் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடியது. கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண்ணாடி மாதிரி இருக்கிற முன்பக்க லென்ஸை பின்பக்கக் கூட்டோடு ஒட்டியிருந்த பசை ஒரு மூலையில் விட்டுப் போயிருந்தது. கம்பெனி விளக்கில் பியூட்டைல் என்று கறுப்பாக ரப்பர் மாதிரி ஒரு பசை இருக்கும், சூட்டுக்கும் குளிருக்கும் இழுத்துக் கொடுக்கும். இதில் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் உரிகிற என்னவோ ஒன்று. வெயிலில் காயவைத்து சிலிக்கான் பூசி மறுபடி மாட்ட 400.

தண்ணீர் போய்விட்டது, அது செய்த வேலை போகவில்லை. ரிஃப்ளெக்டரில் வெள்ளி மாதிரிப் பளபளப்பது ரொம்ப மெல்லிய உலோகப் பூச்சுதான். ஈரம் பட்ட இடத்தில் அது கறுத்துத் தேமல் விழுந்தது. பல்பு என்னவோ அதே எச்4, 60/55 வாட்ஸ்தான். வெளிச்சத்தை ரோட்டுக்கு அனுப்ப வேண்டிய கிண்ணம் கெட்டுவிட்டால் பல்பு என்ன செய்யும்?

ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரம். திருமங்கலம் தாண்டி எதிரே ஒரு லாரி வந்ததால் டிம் பண்ணினேன். லாரி கடந்த அடுத்த நொடி, எனக்கு முன்னால் ஒரு வைக்கோல் படப்பு நகர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. டிராக்டர் டிரெய்லர், பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. டிம் வெளிச்சம் என் பம்பருக்கு முன்னால் ஒரு பாய் விரித்த அளவுக்குத்தான் விழுந்தது, அதற்கு அங்கிட்டு இருட்டு. மிதித்த மிதியில் டிபன் பாக்ஸ் சீட்டிலிருந்து பறந்து டேஷ்போர்டில் அடித்தது. நின்றபோது வைக்கோல் என் பானெட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது, டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அவர் மேலும் தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பழைய, மஞ்சளடித்த, ஒன்பது வருச விளக்காக இருந்திருந்தால் அந்த வைக்கோலை முன்னாடியே பார்த்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் இருக்கிற ஒரு நீளக் காம்பவுண்ட் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தினேன். இதை எல்லாரும் ஒரு தடவை செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. சமதளமான தரை, டயரில் சரியான காற்று, சுவருக்கும் விளக்குக்கும் 5 மீட்டர். விளக்கின் நடு உயரத்தை டேப்பால் அளந்து அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, டிம்மில் எரியவிட வேண்டும். நல்ல விளக்கு என்றால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கத்தியால் வெட்டின மாதிரி ஒரு விளிம்பு, சாக்பீஸ் கோட்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே விழும். நாம் இடது பக்கம் போகிற ஊர் என்பதால் இடது கோடியில் மட்டும் அந்த விளிம்பு மேல்நோக்கி ஏறும், ரோட்டோரம் நடந்து போகிறவர்கள் தெரிவதற்காக. என் இடது விளக்கில் இது ஏதோ இருந்தது. வலது விளக்கு சுவரில் கலக்கி ஊற்றின முட்டை மாதிரி பரவி நின்றது, விளிம்பும் இல்லை ஒன்றும் இல்லை, பாதி வெளிச்சம் சுவருக்கு மேலே வேப்பமரத்தில் போய் விழுகிறது. எதிரே வருகிறவர்கள் ஏன் என்னைப் பார்த்து லைட்டை டிம்-பிரைட் மாற்றி மாற்றி அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. சரி, பின்னாடி ஸ்க்ரூ இருக்கிறதே, அட்ஜஸ்ட் பண்ணலாம் என்று திருகினால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது, உள்ளே பிளாஸ்டிக் பல் தேய்ந்து போயிருக்கிறது.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுந்து வந்து, பட்டப்பகல் பதினொரு மணி வெயிலில், லைட்டைப் போடச் சொன்னார். போட்டேன்.

"எரியுதுல்ல? அப்புறம் என்ன தம்பி?"

இதுதான் இந்த வியாபாரத்தின் மொத்த வாரண்டியும். விளக்கு எரிந்தால் சாமான் நல்ல சாமான். அது எங்கே போய் விழுகிறது, எவ்வளவு தூரம் தெரிகிறது, உள்ளே மீன் வளர்க்கலாமா என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. எரிவது பல்பின் வேலை, விளக்கின் வேலை வேறு என்று சொல்லிப் பார்த்தேன். பெட்டியோடு வந்த வாரண்டி கார்டைக் கேட்டார், வீட்டில் இருந்து எடுத்து வந்து நானும் அப்போதுதான் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் படித்தேன். தயாரிப்புக் குறை மட்டும்தான் சேர்த்தி. தண்ணீர் புகுந்தால், நிறம் மாறினால், உடைந்தால், பொருத்துவதில் தவறு நடந்தால் கிடையாது. ஹெட்லைட்டுக்கு இதைத் தவிர வேறு என்ன நோய் வரும், சொல்லுங்கள். கிளெய்ம் பண்ணினாலும் சாமானைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், கம்பெனிக்குப் போய் வர மூன்று நாலு வாரம், அதுவரை வண்டியை ஒற்றைக் கண்ணோடு ஓட்ட வேண்டும். கழற்றி மாட்டுகிற கூலி ரெண்டு தடவையும் நம்முடையது. மாற்றிக் கொடுத்தாலும் பழைய தேதியிலிருந்துதான் வருசக் கணக்கு. கடைசியாக அவர் கண்ணில் அந்த அரம் வைத்து இழுத்த ஓட்டை பட்டது. "ஃபிட்டிங்ல கை வச்சிருக்கீங்களே தம்பி, இத எப்படி அனுப்புறது?" அவர் சாமான் ஓட்டை சேரவில்லை என்பதால் அரம் வைத்தோம், அரம் வைத்ததால் வாரண்டி போனது.

நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் பத்தவில்லை என்று 1,800 கொடுத்து எல்இடி பல்பு மாட்டினேன். எச்4 விளக்கில் கிண்ணமே ஹாலஜன் இழை இருக்கிற இடத்தை வைத்து வடிவமைத்தது, எல்இடி சில்லு அந்த இடத்தில் சரியாக வந்து உட்காராவிட்டால் வெளிச்சம் நாலு திசையிலும் சிதறும். எனக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ கொட்டிக் கிடக்கிற மாதிரி இருந்தது, தூரம் கொஞ்சமும் கூடவில்லை. ரெண்டே வாரத்தில் கழற்றிவிட்டேன். 100/90 வாட்ஸ் பல்பு போடலாம் என்று இன்னொருவர் சொன்னார். ரிலே வயரிங் (பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கிற தனி வயரிங்) இல்லாமல் அதைப் போட்டு ஹோல்டர் உருகி வந்த வண்டியை மெக்கானிக் செட்டிலேயே பார்த்திருந்ததால் தப்பித்தேன்.

வருசம் முடிவதற்குள் ரெண்டு லென்ஸும் மஞ்சள். ஹெட்லைட் முன்பக்கம் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை மஞ்சளாக்கும், அதனால் நல்ல விளக்கில் மேலே தடுப்புப் பூச்சு ஒன்று இருக்கும். கப்பலூர் வெயிலில் நிழல் இல்லாத பார்க்கிங்கில் ஒன்பது வருசம் தாங்கின பழைய விளக்கில் அது இருந்தது, இதில் பேருக்குத்தான் இருந்திருக்க வேண்டும். டூத்பேஸ்ட் தேய்த்தேன், ஒரு வாரம் நன்றாக இருந்தது. 600 கொடுத்து உப்புத்தாள் தேய்த்து பாலிஷ் போட்டேன், ரெண்டு மாதம். இருக்கிற கொஞ்சநஞ்சப் பூச்சையும் தேய்த்து எடுத்துவிட்டு மேலே எதுவும் பூசாமல் விட்டால் முன்னைவிட வேகமாக மஞ்சளடிக்கும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

கணக்குப் போட்டேன். 3,200, கூலி 700, சிலிக்கான் பூசினது 400, பாலிஷ் 600, எல்இடி 1,800. மொத்தம் 6,700. ஜெனுயின் ஜோடி 6,800.

அப்புறம்தான் ரோசம் வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்தேன். புகாரைப் பதிந்துகொண்டு பில்லைக் கேட்டார்கள், என்னிடம் எஸ்டிமேட் சீட்டு. நல்ல வேளை, பணம் ஜிபேயில் போட்டிருந்தேன், அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம், பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள சாமானைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே கணக்கு, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லுக்குக் கீழே அச்சடித்துவிட்டால் கேள்வி கேட்க முடியாது என்று நான் இத்தனை வருசம் நினைத்திருந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ரெண்டு வருசத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் வாங்கினவர்களுக்கு இன்னொன்று: 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ஏழு நாள் ரிட்டர்ன் முடிந்தது என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நான் ஆணையம் வரைக்கும் போகவில்லை. சோம்பேறித்தனம்தான், மறைக்க ஒன்றுமில்லை. 1915 புகாருக்குப் பிறகு கடைக்காரரே போன் பண்ணி, பணமாகத் தர முடியாது, 1,000 ரூபாய்க்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வைப்பர் பிளேடும் மூன்று லிட்டர் கூலன்ட்டும் எடுத்துக்கொண்டேன். கூலன்ட் இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, என்ன செய்யப் போகிறேன் என்று என் வீட்டம்மா மாதம் ஒரு தடவை கேட்கிறாள்.

2024 மார்ச்சில் ஜெனுயின் ஜோடி போட்டேன், விலை ஏறி ஒன்று 3,650 ஆகியிருந்தது. ஜிஎஸ்டி பில்லோடு. மூன்று ஸ்க்ரூவும் கையாலேயே உட்கார்ந்தன, அரத்துக்கு வேலை இல்லை. லெவலிங் திருகி உயிர் பெற்றது. லென்ஸ் ஓரத்தில் அச்சிலேயே வார்த்த எழுத்துக்களை இந்தத் தடவை வாங்கும்போதே பார்த்துக்கொண்டேன், வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும், HCR (எச்சிஆர்) என்ற எழுத்துக்களும் ஒரு அம்புக்குறியும். எச் என்றால் ஹாலஜன், சி டிம், ஆர் பிரைட். விளக்குக்கு நேரே நின்று பார்த்தால் அம்பு நம் வலது கைப் பக்கம் காட்ட வேண்டும், அதுதான் இடது பக்கம் ஓட்டுகிற ஊருக்கானது. அம்பே இல்லாமல் இருந்தால் அது வலது பக்கம் ஓட்டுகிற நாட்டு விளக்கு, நம் ஊரில் எதிரே வருகிறவன் கண்ணில்தான் அடிக்கும். கூட வேலை பார்க்கிற ஒருவர் வெப்சைட்டில் சல்லிசாகக் கிடைத்தது என்று வாங்கின ஜோடி அப்படித்தான் இருந்தது. என் லோக்கல் விளக்கில் அம்பும் இல்லை, எழுத்தும் இல்லை, வழவழவென்று இருந்தது.

ஒன்றரை வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரெண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது, ஆவி வந்தால் பத்து பதினைந்து நிமிடத்தில் போகிறது, மஞ்சள் இல்லை. லோக்கல் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், என் வண்டியில் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூடியும் மட்கார்டுக்கு உள்ளே வருகிற பிளாஸ்டிக் லைனரும் லோக்கல்தான், ஜம்மென்று இருக்கிறது. விளக்கில் மட்டும் இனி கை வைக்க மாட்டேன்.

கழற்றின ஜோடியை மெக்கானிக் கேட்டார். "குடுங்கண்ணே, பாலிஷ் போட்டு வச்சா யாராச்சும் கேப்பாங்க." அந்த யாராச்சும் என் எதிரேதான் டிம் பண்ணாமல் வருவான் என்று தோன்றியது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுகிற காதுகளைச் சுத்தியலால் உடைத்து, பழைய சாமான்காரரிடம் போட்டேன். எடை போட்டு பதினெட்டு ரூபாய் கொடுத்தார். அவரும் பில் தரவில்லை.